எல்லாருக்கும் பின்னாடி நிக்குதவன்

விரலா? இது கபடியில வளைஞ்சது இல்ல அண்ணாச்சி. கபடியில வளைஞ்சிருந்தா நானே பெருமையா நீட்டிக் காட்டியிருப்பேன். இது அமெரிக்கா புட்பால்ல வளைஞ்சது. சீ, அந்தப் பேரச் சொன்னாலே வாய் கசக்கு. கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளி உக்காருங்க, வெயில் மூஞ்சியிலயே அடிக்கி. பஸ்ஸு திருச்செந்தூர் போய்ச் சேர நேரம் கெடக்கு, சொல்லுதேன்.

எனக்கு கோவில்பட்டி பக்கம் ஒரு நூல் மில்லுல வேல. பேரு செந்தூர்பாண்டி. ஆனா ஊருல 'பிடி செந்தூர்'னு சொன்னாத்தான் தெரியும். கபடியில நான் கணுக்கால் பிடி. பாடி வாரவன் காலு தரையில பட்டா போதும், அவ்வளவுதான், அவன் வீட்டுக்கு நொண்டிக்கிட்டுத்தான் போவான். நானா சொல்லிக்கிடல. கயத்தாறு, எட்டயபுரம், எங்க வேணாலும் கேட்டுப் பாருங்க.

அப்படி இருந்தவன அந்த மில்லு முதலாளி மவன் கெடுத்தான். அமெரிக்காவுல படிச்சுட்டு வந்தான். வந்தவன் சும்மா இருந்தானா? அவன் சேக்காளிய நாலு பேரு, எல்லாம் மில்லு முதலாளி மக்கமாரு, சேந்து பேசி ஆளுக்கு ஒரு டீம் வச்சானுவ. கபடிக்காரனா பாத்துப் பொறுக்கினானுவ. சீசன் முழுக்க ஆடணும். கப்பு அடிச்சா டீமுல உள்ள எல்லாருக்கும் மில்லுல நிரந்தர வேல. கோட்டை விட்டா, நல்லா ஆடினவன மட்டும் வச்சுக்கிட்டு மத்தவன அனுப்பிருவானுவ. அதான் பேச்சு. நிரந்தரம்னு ஒரு வார்த்தை சொன்னா இந்தக் காலத்துல எவன் வேண்டாம்பான்?

அந்த உடுப்பச் சொல்லணும் அண்ணாச்சி. தோளுக்கு ஒரு பலகை, நெஞ்சுக்கு ஒரு பலகை, தலைக்கு ஒரு சட்டி. அந்தச் சட்டிய எங்க இருந்தோ பழசா வாங்கிட்டு வந்திருக்கானுவ. உள்ள எவனோ ஒருத்தன் வேர்வை ஊறிப் போய் பஞ்செல்லாம் கருத்துக் கெடக்கு. மாட்டினா மொத நாளு குடிச்ச கஞ்சி தொண்டைக்கு வருது. கடிச்சுக்கிடுததுக்கு வாயில ஒரு ரப்பரு. அதையும் மாத்தி மாத்திப் போட்டுக்கிட்டானுவ சவத்துப்பயலுவ. கருமம். கபடியில ஒரு டவுசரு, ஒரு பனியன், மண்ணு. எவ்வளவு சுத்தம்!

கோச்சு யாரு தெரியுமா? யாழ்ப்பாணத்துக்காரரு. கனடாவுல இருந்து வந்தாரு. தயாபரன்னு பேரு. அவரு பேசுத தமிழு பாதி எங்களுக்கு விளங்காது, நாங்க பேசுததுல பாதி அவருக்கு விளங்காது. எங்க எல்லாரையும் ஓட விட்டுப் பாத்தாரு. என்னையப் பாத்துட்டு, "தம்பி செந்தூர், உமக்கு நல்ல கண். நீர் பின்னுக்கு நில்லும்"னாரு.

பின்னுக்கு! ஆட்டத்த லேசாச் சொல்லிருதேன், கேளுங்க. உரிச்ச தேங்கா மாதிரி ஒரு பந்து. எதிராளியில ஒருத்தன் அத எறிவான். அவன் ஆளுவ மூணு நாலு பேரு தெசைக்கு ஒருத்தனா ஓடுவானுவ, பிடிக்கதுக்கு. அந்த ஓட்டக்காரனுவ கூட நம்ம ஆளுவ ஒட்டிக்கிட்டே ஓடணும். இதுக்கெல்லாம் பின்னாடி, நம்ம கோட்டுக்குக் காவலா, கடைசியா ஒருத்தன் நிக்கணும். அவனுக்குப் பேரு சேஃப்டி. எவன் எவ்வளவு தூரம் ஓடினாலும் அவனுக்கும் பின்னாடி சேஃப்டி இருக்கணும். அவனத் தாண்டி எவனும் போகப்படாது. அவ்வளவுதான் வேல.

இதெல்லாம் ஒரு வேலையா? கபடியில பின்னாடி போனா கோட்டைத் தாண்டி அவுட்டு. சின்ன வயசுல இருந்து அந்தப் பயம் காலுலயே இருக்கு. இவரு என்னன்னா, எறியுதவன் கையத் தூக்கின உடனே பின்னாடி போ, பின்னாடி போங்காரு. முதுகக் காட்டி ஓடுததுக்கு ஒரு கோச்சு, ஒரு பயிற்சி, காலையில ரெண்டு முட்டை. தூ.

"முன்னால விழுற பந்தை விடும் தம்பி. பத்து அடி குடுக்கலாம், பிழையில்லை. உம்மைத் தாண்டி ஒருத்தன் போனா எல்லாம் முடிஞ்சுது. விளங்குதோ?"

விளங்குது விளங்குதுன்னு தலைய ஆட்டினேன். மனசுக்குள்ள நெனச்சேன், கண்ணு முன்னாடி ஒருத்தன் பந்தப் பிடிச்சுட்டு நிக்கான், அவன விட்டுட்டு நான் ஆகாசத்தப் பாத்துக்கிட்டு நிக்கணுமா? முழு ஆட்டமும் நின்னுட்டு வந்தா ஒருத்தன் கை தட்ட மாட்டான். பந்து நம்ம பக்கமே வராது. வராம இருக்கதுதான் நம்ம சாமர்த்தியமாம்! வாட்ச்மேனுக்காவது ஒரு நாற்காலி போடுவாவ.

டீமுல லிங்கதுரைன்னு ஒருத்தன். எங்க அத்தை மவன். என் தங்கச்சி செல்வகனிக்கு முறை. அவ மனசுலயும் அவன்தான். எங்க ஐயாவுக்கு அவன் மேல கோவம் ஒண்ணும் கெடையாது, ஆனா ஒரே பேச்சாச் சொல்லிட்டாரு. "மில்லுல நிரந்தரமாயிட்டு வரச் சொல்லு, மறு முகூர்த்தத்துல தாலி கட்டட்டும். கூலிக்காரனுக்குக் குடுக்க நான் பிள்ள பெக்கல." பெத்தவரு, சொல்லத்தான செய்வாரு.

லிங்கதுரைக்கு ஓரத்து ஓட்டக்காரன மறிக்க வேல. என் பக்கத்து ஓரம். அவனும் நானும் சோடி. எப்படின்னா, ஓட்டக்காரனுக்குக் கொஞ்சம் முன்னால அவன் நிப்பான், கிட்டத்துல வாரப் பந்தத் தட்டி விட. ஓட்டக்காரன் அவனத் தாண்டி ஆழமா ஓடிட்டா, அவன் துரத்தாண்டாம், அங்க நான் இருப்பேன். என்னைய நம்பித்தான் அவன் விடணும். கோச்சு வகுத்த வழி. லிங்கதுரை அத ஒரு வேதம் மாதிரி பிடிச்சுக்கிட்டான். ஒரு தடவ கூட பின்னாடி திரும்பிப் பாக்க மாட்டான். எனக்கு அதுவே எரிச்சலா இருக்கும். ஒரு மனுசன் அவ்வளவு நம்புனா நமக்குத்தான மூச்சு முட்டுது?

வீட்டுக்கு வந்தா அங்கயும் இதே கதை. அடுப்பாங்கரையில டப்பா மூடிகளத் தரையில பரப்பி வச்சு எங்க அம்மைக்கும் செல்வகனிக்கும் ஆட்டம் சொல்லிக் குடுப்பான். மல்லித்தூள் டப்பா மூடி நான், மிளகாத்தூள் மூடி அவன். அம்மை பாதியில எந்திரிச்சுப் போயிருவா. செல்வகனி மட்டும் கன்னத்துல கைய வச்சுக்கிட்டு எல்லாத்தையும் கேப்பா. அவளுக்கு இருந்த வெறிய நீங்க பாக்கணும். பந்தத் தொட்டுப் பாத்திருக்க மாட்டா, எங்கிட்டயே வந்து கேக்கா: "ஏண்ணே, அந்தக் கிட்டத்து ஆளு நிக்கானே, அவன் கிட்ட நீ போகக்கூடாதுல்ல?"

எனக்கு வந்துதே ஒரு கோவம்! பொம்பளப் பிள்ள, மல்லித்தூள் மூடிய வச்சுக்கிட்டு 'பிடி செந்தூருக்கு' பிடி சொல்லித் தாரா. போய் வேலையப் பாருட்டின்னேன்.

சீசன் நடுவுல ஒரு ஆட்டம். அதுல நான் ஒரு தடவ முன்னால பாஞ்சேன். கிட்டத்துல பந்தப் பிடிச்சவன கணுக்கால்ல ஒரு பிடி, தூக்கி ஒரு சுத்து. கூட்டம் எந்திரிச்சு நின்னுட்டு அண்ணாச்சி! அன்னைக்குத்தான் இந்த ஆட்டம் பாக்க வந்தவனுக்கே ஆட்டம் புரிஞ்சுது. முதலாளி மவன் மைதானத்துக்குள்ள ஓடி வந்து என்னையக் கட்டிப் பிடிச்சான். கோச்சு மட்டும் ஒத்தையில கூப்பிட்டு, "இண்டைக்கு உமக்கு அதிர்ஷ்டம். அவன் எறிஞ்சது கிட்டத்துக்கு. தூரத்துக்கு எறிஞ்சிருந்தா என்ன செய்திருப்பீர்?"னு கேட்டாரு. எறியலைல்ல? எறியாத பந்துக்கு என்ன பதிலச் சொல்ல? பொறாமைன்னு நெனச்சுக்கிட்டேன். வேற என்ன?

பைனலு கோவில்பட்டியில. சனம்னா சனம். எங்க ஐயா, அம்மை, செல்வகனி எல்லாரும் மொத வரிசையில. லிங்கதுரையோட அம்மா, எங்க அத்தை, முந்தியில எலுமிச்சம்பழத்த முடிஞ்சு வச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. கடைசி வரைக்கும் நாங்கதான் முன்னால. இன்னும் கொஞ்ச நேரம் ஒருத்தனையும் தாண்ட விடாம நின்னா கப்பு எங்களுக்கு.

எதிராளி என்ன செய்யுதான்? கிட்டத்துல கிட்டத்துலயே எறியுதான். ஒரு குட்டையன், என் கண்ணு முன்னாடி, சும்மா சும்மா பந்தப் பிடிச்சு நாலு அடி ஓடி விழுந்து எந்திரிச்சு என்னையப் பாத்துச் சிரிக்கான். பல்லு பூரா மண்ணு. பாக்கவே கொமட்டுது. நான் எவ்வளவு பொறுக்க? லிங்கதுரை அங்க இருந்து கைய ஆட்டுதான், இரு இருன்னு. கோச்சு ஓரத்துல நின்னு கத்துதாரு, "பின்னுக்கு! பின்னுக்கு!" எல்லாரும் எனக்குச் சொல்லுதாவ. எல்லாருக்கும் என் எடம் தெரியுது.

கடைசி எறி. எறியுதவன் குட்டையனப் பாத்தான். கையத் தூக்கினான். குட்டையன் ரெண்டு கையையும் நீட்டினான். போதும்டா சாமின்னு பாஞ்சேன். கணுக்கால்ல விழுந்தேன் பாருங்க ஒரு பிடி! என் ஆயுசுல அப்படி ஒரு பிடி பிடிச்சதில்ல. இந்த விரலு அப்பதான் அவன் காலுக்கு அடியில மாட்டி வளைஞ்சது. ஆனாலும் விடலையே. அவன் அசைய முடியல. கூட்டத்துல பாதி எனக்குக் கை தட்டுது.

பந்து அவன் கையில இல்ல.

எறியுத மாதிரி காட்டிட்டு எறியாம வச்சுக்கிட்டு, நான் பாஞ்சதும் தூரத்துக்கு எறிஞ்சிட்டான் பிராடுப்பய. இந்த ஆட்டத்துல அது ஞாயமாம். கபடியில பாடிக்கிட்டு வாரவன் பாடாத மாதிரி நடிப்பானா? நான் மண்ணுல கெடந்து தலையத் தூக்கிப் பாக்கேன். லிங்கதுரை தான் மறிக்க வேண்டிய ஆள விட்டுட்டு நிக்கான், கோச்சு சொன்ன அதே எடத்துல. அவன் ஆளு அவனத் தாண்டிப் போய், பின்னாடி ஒருத்தனும் இல்லாத எடத்துல தன்னந்தனியா நின்னு, வயித்துல கட்டிப் பிடிக்கான் பந்த. நடந்தே கோட்டத் தாண்டிட்டான். பந்து இல்லாதவன நான் பிடிச்சது தப்புன்னு நடுவரு ஒரு கொடிய வேற எறிஞ்சாரு. இதுக்கு மேல என்ன அசிங்கம்?

அப்பதான் லிங்கதுரை திரும்பிப் பாத்தான். அந்தச் சீசன்லயே மொத தடவ. நான் நிக்க வேண்டிய எடத்தப் பாத்தான், பெறவு என்னையப் பாத்தான்.

கூட்டம் சும்மா விடுமா? யாரோட ஆளு பந்தப் பிடிச்சான்? லிங்கதுரையோட ஆளு. "ஆள விட்டுட்டானே படுபாவி"ன்னு கத்துதானுவ. ஒருத்தன் தண்ணி பாக்கெட்டத் தூக்கி அவன் மேல எறிஞ்சான். எங்க அத்தை எலுமிச்சம்பழத்த எடுத்துட்டு எழுந்து போயிட்டா.

மறுநாளு முதலாளி மவன் முன்னாடி எங்கள நிறுத்தினாவ. அவன் அமெரிக்காவுல இந்த ஆட்டத்தப் பாத்தது பொரி தின்னுக்கிட்டு, அவனுக்கு என்ன தெரியும்? லிங்கதுரையப் போகச் சொல்லுன்னான். கோச்சு குறுக்க விழுந்தாரு. "பிழை லிங்கதுரையில இல்லை. அவன் தன்ர இடத்தில நிண்டவன். செந்தூர், நீரே சொல்லும்"னாரு.

நான் என்னத்தச் சொல்ல? நடந்ததச் சொன்னேன். "பந்து லிங்கதுரை ஆளு கைக்குத்தான் சார் போச்சு"ன்னேன். பொய்யா? நீங்களே சொல்லுங்க, அதுல ஒரு எழுத்து பொய்யா? கோச்சு என்னைய ஒரு பார்வ பாத்தாரு. சாக்கடையில கால வச்ச மாதிரி மூஞ்சி. அப்படியே வெளிய போனவருதான், கனடாவுக்குப் போயிட்டாரு.

என்னைய வச்சுக்கிட்டாவ. நல்லா ஆடினவன்னு. நானா கேட்டேன்?

வீட்டுல ஐயா கேட்டாரு, "ஏலே, நீ கூட நின்னவன். லிங்கதுரை விட்டானா, விடலையா?" அதே பதிலத்தான் சொன்னேன். ஒரு மனுசன் எடத்துக்கு ஒரு பேச்சுப் பேசப்படாதுல்லா? கல்யாணப் பேச்சு அதோட முடிஞ்சுது. செல்வகனி அடுப்பாங்கரைக்குப் போயி அந்த மல்லித்தூள் மூடிய எடுத்துட்டு வந்து என் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்துல வச்சா. வச்சுட்டுப் போயிட்டா. திமிரு. அண்ணன்காரன் சாப்பிட உக்காந்திருக்கும்போது செய்யுத காரியமா அது?

லிங்கதுரையாவது வாயத் தொறந்தானா? தெருவுல போறவன் வாரவன் எல்லாம் ஏசுதான், கேட்டுக்கிட்டே போறான். தப்பு அவன் மேல இல்லன்னா சொல்லியிருப்பான்ல? சொல்லல. அதுலயே தெரியல?

பெறவு என்ன, அவனும் செல்வகனியும் ரிஜிஸ்டர் ஆபீசுல போய் மாலைய மாத்திக்கிட்டாவ. ஐயா படுத்த படுக்கையாயிட்டாரு, பெறவு தேறிட்டாரு, இப்பம் அவரே அவ வீட்டுக்குப் போயி வந்துக்கிட்டிருக்காரு. அவன் ஆறுமுகநேரி உப்பளத்துல வேல செய்யுதான். கால் பூரா வெடிப்பு. என் தங்கச்சி அதுல வேப்பெண்ணெய் போட்டுக்கிட்டிருப்பா. நெனச்சா வயிறு எரியுது. எப்படி இருக்க வேண்டியவ! மில்லு குவார்ட்டர்ஸ்ல நான் ஒத்தையில கெடக்கேன், ரெண்டு ரூமு.

எங்க போறேன்னு நீங்க கேக்கவே இல்லையே. இன்னைக்கு அவ பிள்ளைக்கு திருச்செந்தூர்ல காது குத்து. பொம்பளப் பிள்ள. தாய்மாமன் மடியில வச்சுத்தான காது குத்தணும்? அவளுக்கு நான் ஒரே அண்ணன். லிங்கதுரை மில்லு வாசல்ல வந்து நின்னு கூப்பிட்டான். உப்புச் சட்டையோட. "மச்சான், நீங்க வந்து உக்காந்தாத்தான் பிள்ளைக்குக் குத்துவேன்"னான். என்ன நெஞ்சழுத்தம் பாருங்க. எதுக்குக் கூப்பிடுதான்? எல்லாரு முன்னாலயும் நல்லவன் பேரு வாங்கத்தான். எனக்குத் தெரியாதா? இருந்தாலும் மாமன் கடமைன்னு ஒண்ணு இருக்குல்லா. அந்தா மேல இருக்கே மஞ்சப் பை, அதுல கம்மலு, பட்டுப்பாவாடை, வெத்தலை பாக்கு, பழம் எல்லாம் இருக்கு. எல்லாம் நானே பாத்துப் பாத்து வாங்கினேன்.

இருங்க, போனு. அம்மைதான்.

என்னம்மா... காயல்பட்டினம் தாண்டியாச்சு... ஆமா, வந்துக்கிட்டேதான் இருக்கேன்... யாரு? ஆசாரியவா? ... என்ன? ... பின்னால யாரு பேசுதது? செல்வகனியா? என்ன சொல்லுதா அவ? ... என் காதுல விழுந்துட்டு. விழுந்துட்டு, வை.

கேட்டீயளா அண்ணாச்சி? உங்களுக்கே கேட்டிருக்கும், அப்படிக் கத்துதா. நல்ல நேரம் முடியப் போகுதாம். ஆசாரி ஊசியக் கையில வச்சுக்கிட்டு உக்காந்திருக்காராம். பிள்ளையோட பெரியப்பன் ஒருத்தன், 'நான் மடியில வைக்கேன், குத்துங்க'ன்னானாம். லிங்கதுரை விடலையாம். 'மச்சான் வருவாரு. அவருக்குன்னு உள்ள எடம், விட்டு வைங்க'ங்கானாம். அதுக்கு என் தங்கச்சி, என் கூடப் பொறந்தவ, என்ன சொன்னா தெரியுமா? 'எங்க அண்ணன் மடியில பிள்ளையக் குடுக்கியளா? எதையாவது பிடிக்கேன்னு நடுவுல எந்திரிச்சு ஓடிருவான்'ங்கா.

அத்தனை சனம் முன்னால. என்னைய. சிரிச்சிருப்பானுவ எல்லாரும். பல்லு பூரா காட்டிச் சிரிச்சிருப்பானுவ. இந்தச் சவங்களுக்காகவா நான் பட்டுப்பாவாடை வாங்கினேன்? சீ. இந்த மாதிரி ஆளுவ நடுவுல மடிய விரிச்சு உக்காருததுக்கு எனக்கு என்ன தலையெழுத்தா? எனக்குன்னு ஒரு மானம் மரியாதை கெடையாதா?

ஸ்டாண்டு வந்துட்டு. அண்ணாச்சி, நீங்க கோயிலுக்குத்தான போறிய? அந்தப் பையக் கொஞ்சம் எடுங்க. கோயில் போற வழியில, வலது கைப் பக்கம், வாசல்ல வாழை கட்டியிருக்கும் மண்டபத்துல. உள்ள போனா ஒரு மணை யாரும் உக்காராம இருக்கும், பக்கத்துல லிங்கதுரை நிப்பான். பையக் குடுத்துருங்க. உங்களுக்கு ஒரு எட்டுதான். அந்தா, கோவில்பட்டி வண்டி பொறப்பட்டு நிக்கு, ஓடினா பிடிச்சிருவேன்.

மாமன் எங்கன்னு கேப்பான். பின்னாடியே வாரான்னு சொல்லிருங்க. நம்பிக்கிடுவான்.